ஒரே கொடி, இரண்டு தொழிலாளிகள்: அமெரிக்காவின் போர்க்கால ஒற்றுமைச் சுவரொட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சுவரொட்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அதிலிருந்து போர் முடியும் வரை அந்த அரசு அச்சடித்துத் தள்ளிய சுவரொட்டிகளுக்கு அளவே இல்லை. போர்ப் பத்திரம் வாங்குங்கள், ரகசியத்தை உளறாதீர்கள், பழைய ரப்பரைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று தபால் நிலையம், கடை வாசல், ஆலைச் சுவர் எல்லாம் ஒரே உபதேசம்.

அந்தக் குவியலுக்குள் ஒரு சின்னக் கொத்து மட்டும் வேறு மாதிரி. கறுப்பினத் தொழிலாளியும் வெள்ளைத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்வதைக் காட்டியவை, அல்லது கறுப்பின வீரர் ஒருவரை நாட்டின் நாயகனாக முன்னால் நிறுத்தியவை. ஊரில் இருந்தபடியே போருக்கு உழைத்தவர்களுக்காக, அதாவது விமான ஆலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வெடிமருந்துக் கூடத்திலும் இருந்தவர்களுக்காக ஒட்டப்பட்டவை. எண்ணிக்கையில் மிகக் குறைவு. இன்றைக்கு இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுவதால் அப்போதும் ஊரெங்கும் இவைதான் இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம்.

இவற்றில் மிகவும் தெரிந்தது எது?

‘யுனைட்டெட் வீ வின்’. தமிழில் ‘ஒன்றுபட்டு வெல்வோம்’ என்று வைத்துக்கொள்ளலாம். 1943இல் போர்க்கால மனிதவள ஆணையத்துக்காக அரசு அச்சகம் அச்சிட்டது.

ஓவியம் இல்லை, புகைப்படம். அமெரிக்கக் கொடி பெரிதாக விரிந்திருக்கிறது. அதற்குக் கீழே விமான ஆலையில் இரண்டு பேர், ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். இருவரும் ஒரே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். கைகுலுக்கல் கிடையாது, தோளில் கை போடவில்லை. நட்பைக் காட்டும் படம் இல்லை இது. பக்கத்தில் நிற்பவன் யாராக இருந்தால் என்ன, கையில் இருக்கிற வேலை நடக்கட்டும் என்கிற படம். அந்த அடக்கம்தான் இதன் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றும். ‘இவரை உன் வீட்டுக்குக் கூப்பிடு’ என்று அது கேட்கவே இல்லை. ஷிஃப்ட் முடியும் வரை சேர்ந்து நில் என்கிறது, அவ்வளவுதான்.

ஏன் விமான ஆலையைக் காட்டினார்கள்?

காரணம் தெரிந்தால்தான் படம் புரியும். 1940இல் அமெரிக்க விமானத் தொழிலில் சுமார் ஒரு லட்சம் பேர் வேலை செய்தார்கள். அதில் கறுப்பினத்தவர் சுமார் 240 பேர். எழுத்துப்பிழை இல்லை, இருநூற்று நாற்பதுதான். 1941இல் கான்சாஸ் நகரத்தில் புதிதாக வரவிருந்த ஒரு விமான ஆலைக்கு ஆள் எடுப்பது பற்றி அந்த நிறுவனத்தின் தலைவர் பத்திரிகைக்குச் சொன்னதன் சாரம் இது: கறுப்பினத்தவர் எவ்வளவு பயிற்சி பெற்று வந்தாலும் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு மட்டும்தான் எடுப்போம்.

ஆக, இரண்டே ஆண்டுக்கு முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒரு காட்சியை அந்தச் சுவரொட்டி தினசரி நடப்பு போலக் காட்டியது. இருப்பதைக் காட்டிய படம் என்பதைவிட, இனி இப்படித்தான் என்று பழக்கப்படுத்திய படம் என்று சொல்லலாம்.

அரசுக்கு திடீரென்று இந்த அக்கறை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் பயத்திலிருந்து. மூன்று விதமான பயம்.

முதலாவது, ஆள் பற்றாக்குறை. வெள்ளை இளைஞர்கள் லட்சக்கணக்கில் படைக்குப் போய்விட்டார்கள். ஆலைக்கு ஆள் வேண்டும். ஒரு சமூகத்தை முழுக்க வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு போரை நடத்த முடியாது.

இரண்டாவது, வீதிக்கு வந்துவிடுவார்களோ என்ற பயம். ரயில் படுக்கைப் பெட்டிகளில் சேவகர்களாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ஆயுத ஆலைகளில் வேலை தரவில்லையென்றால் ஒரு லட்சம் பேரைத் திரட்டி 1941 ஜூலை 1 அன்று வாஷிங்டனில் பேரணி நடத்துவேன் என்றார். அதிபர் ரூஸ்வெல்ட் பேசிப் பார்த்தார், சமாதானம் சொன்னார், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஜூன் 25 அன்று 8802ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஆயுதத் தொழிலிலும் அரசு வேலையிலும் இனப் பாகுபாடு கூடாது என்றது ஆணை. அதைக் கண்காணிக்க நியாயமான வேலைவாய்ப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. பேரணி கைவிடப்பட்டது. படைகளில் கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்துவைத்திருந்த பிரிவினையை மட்டும் அந்த ஆணை தொடவில்லை.

மூன்றாவது, எதிரியின் வாய். 1942 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் சைக்ஸ்டன் ஊரில் ஒரு கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் இழுத்துச் சென்று எரித்துக் கொன்றது. எதிரிகளான அச்சு நாடுகளின் (ஜெர்மனி, ஜப்பான் அணி) வானொலிகளுக்கு அது அல்வா கிடைத்த மாதிரி. ‘இதுதானா உங்கள் ஜனநாயகம்’ என்று ஆசிய மக்களுக்கு ஒலிபரப்பினார்கள். உள்ளூரிலும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்த ஆண்டு நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் அரசே கருத்துக் கேட்டுப் பார்த்தபோது, ஜப்பான் ஜெயித்தால் எங்கள் நிலைமை ஒன்றும் இதைவிட மோசமாகிவிடாது என்று கணிசமானவர்கள் பதில் சொன்னார்கள். அதிகாரிகளுக்குத் தூக்கம் போயிருக்கும்.

ஜோ லூயிஸ் சுவரொட்டியின் கதை என்ன?

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ் ராணுவச் சீருடையில், துப்பாக்கி முனையில் ஈட்டி செருகி, பாய்கிற நிலையில் நிற்கும் 1942ஆம் ஆண்டுச் சுவரொட்டி. நாம் நம் பங்கைச் செய்வோம், கடவுள் பக்கம் நாம் இருப்பதால் வெல்வோம் என்பது வாசகம். அந்த மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், கடற்படை நிவாரண நிதிக்கான விழாவில் அவரே பேசியது அது. எல்லோரும் ‘கடவுள் நம் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நாம்தான் கடவுள் பக்கம் என்று திருப்பிப் போட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். பட்டத்தைப் பணயம் வைத்து ஒரு சண்டை போட்டு, அதில் கிடைத்த பணத்தை அதே கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கடற்படையில் ஒரு கறுப்பின இளைஞர் சேர்ந்தால் கிடைக்கிற வேலை ஒன்றுதான்: அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, எச்சில் தட்டு எடுப்பது. சுவரொட்டியில் இதெல்லாம் இருக்காது, இருக்கவும் முடியாது.

டோரி மில்லர் யார்? அவர் தொழிலாளி இல்லையே, ஏன் இந்தப் பட்டியலில்?

அந்தப் பரிமாறும் வேலையில் இருந்தவர்தான் அவர். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய அன்று ‘வெஸ்ட் வர்ஜீனியா’ போர்க்கப்பலில் இருந்தார். காயம்பட்ட கேப்டனை நகர்த்த உதவினார். பிறகு யாரும் தனக்குச் சொல்லிக்கொடுத்திராத விமான எதிர்ப்பு எந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். கடற்படை முதலில் பெயரைக்கூட வெளியிடவில்லை, ‘பெயர் தெரியாத கறுப்பினப் பணியாள்’ என்றே செய்தி வந்தது. கறுப்பினப் பத்திரிகைகள் விடாமல் நச்சரித்த பிறகுதான் பெயர் வந்தது. 1942 மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் கையால் கடற்படைச் சிலுவைப் பதக்கம்.

1943இல் ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த சுவரொட்டியில் மார்பில் பதக்கத்தோடு இருக்கிறார் மில்லர். ‘கடமைக்கும் அப்பால்’ என்ற பொருளில் வாசகம். அதே ஆண்டு நவம்பரில் ‘லிஸ்கம் பே’ கப்பல் மூழ்கியபோது இறந்துபோனார். அப்போதும் சமையல் பிரிவில்தான் இருந்தார்.

ஊரில் இருக்கும் தொழிலாளர்களை நோக்கித்தான் இந்த முகத்தைப் பயன்படுத்தினார்கள், அதனால்தான் இங்கே சேர்த்தேன்.

இவை உண்மையில் யாரைப் பார்த்துப் பேசின? வெள்ளையர்களையா, கறுப்பினத்தவர்களையா?

இதைத்தான் சரியான கேள்வி என்பேன். ‘ஒன்றுபடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் யார் யாரைத் தள்ளிவைத்திருந்தார்கள்? வேலைநிறுத்தம் செய்து கறுப்பினத்தவரை வெளியேற்றச் சொன்னது ஒரு தரப்பு. வாசலில் வரிசையில் நின்றது இன்னொரு தரப்பு. இரண்டு பேரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது சுவரொட்டி. ‘பாகுபாடு’ என்ற சொல்லை அது உச்சரிக்கவில்லை. தப்பு செய்தவர் யார் என்று விரல் நீட்டவில்லை.

கறுப்பினத்தவர் அதே நேரத்தில் தங்களுக்கென்று ஒரு சின்னம் வைத்திருந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஒரு விமான ஆலையின் உணவகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஜி. தாம்ப்சன் என்ற 26 வயது இளைஞர் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அது 1942 ஜனவரி 31 அன்று வெளியானது. அரை அமெரிக்கனாக வாழ்வதற்காகவா என் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நேச நாடுகளின் ‘வி’ அடையாளம் ஒரு வெற்றிக்குத்தான், நமக்கு இரண்டு ‘வி’ வேண்டும், ஒன்று வெளியே இருக்கும் எதிரியை வெல்ல, மற்றது உள்ளே இருக்கும் எதிரியை வெல்ல என்றார். அடுத்த இதழிலேயே பத்திரிகை அதற்கு ஒரு முத்திரை வரைந்து வெளியிட்டது. அதுதான் இரட்டை வெற்றி இயக்கம்.

அரசின் சுவரொட்டியில் ஒரு வெற்றி, இவர்கள் முத்திரையில் இரண்டு. விடுபட்ட அந்த இரண்டாவது ‘வி’தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சுவரொட்டிகளைப் பார்த்து யாராவது மாறினார்களா?

சுவரொட்டியின் பலனைத் தனியாகப் பிரித்து எடை போட வழியில்லை. அந்த ஆண்டு ஆலைகளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லலாம். ‘ஒன்றுபட்டு வெல்வோம்’ வெளியான அதே 1943.

மே மாதம், அலபாமாவின் மொபீல் துறைமுகம். கப்பல் கட்டும் தளத்தில் 12 கறுப்பினத்தவரை வெல்டர்களாக உயர்த்தினார்கள். மறுநாள் காலை வெள்ளைத் தொழிலாளர்கள் குழாய், கட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு கறுப்பினத் தொழிலாளர்களை விரட்டி அடித்தார்கள். படை வர வேண்டியிருந்தது. கடைசியில் வந்த தீர்வு என்ன தெரியுமா? கறுப்பினத்தவருக்கென்று தனியாக நான்கு கப்பல் மேடைகள். அங்கே எந்த வேலையும் செய்யலாம், ஃபோர்மேன் ஆவது தவிர. ஒற்றுமையைப் பிரித்துவைத்துப் பரிமாறினார்கள்.

ஜூன் மாதம், டெட்ராய்ட். விமான எஞ்சின் தயாரித்த பேக்கார்ட் ஆலையில் மூன்றே மூன்று கறுப்பினத்தவருக்குப் பதவி உயர்வு. அதற்காக சுமார் 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஒரு கறுப்பினத்தவன் பக்கத்தில் நின்று வேலை செய்வதைவிட ஹிட்லரும் ஹிரோஹிட்டோவும் ஜெயிப்பதே மேல் என்று ஆலை வாசலில் ஒலிபெருக்கியில் ஒருவர் கத்தியதாக, கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் வைட் பதிவு செய்திருக்கிறார். மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைமை இந்த ஸ்டிரைக்கை ஆதரிக்கவில்லை, எதிர்த்தது. அதையும் சொல்ல வேண்டும். அதே மாதம் 20ஆம் தேதி அந்த நகரத்தில் கலவரம் வெடித்தது. 34 பேர் இறந்தார்கள், அதில் 25 பேர் கறுப்பினத்தவர், அந்த 25இல் 17 பேர் காவல்துறை சுட்டு இறந்தவர்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா. டிராம் ஓட்ட எட்டு கறுப்பினத்தவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதற்காக நகரப் போக்குவரத்தே நின்றது. ரூஸ்வெல்ட் சுமார் 5,000 படையினரை அனுப்பினார். வேலைக்குத் திரும்பாதவர்களுக்குப் படையில் சேர்வதிலிருந்து இருந்த விலக்கு ரத்தாகும் என்று அறிவித்ததும் ஸ்டிரைக் படுத்துவிட்டது. அந்த எட்டுப் பேரும் டிராம் ஓட்டினார்கள். போஸ்டர் சாதிக்காததை ஓர் அறிவிப்புக் காகிதம் ஒரு வாரத்துக்குள் சாதித்தது.

ஒட்டுமொத்தக் கணக்கு வேறு ஒன்றையும் சொல்கிறது. 1942 தொடக்கத்தில் ஆயுதத் தொழிலில் கறுப்பினத்தவர் சுமார் 3 சதவீதம். போர் முடியும் தறுவாயில் சுமார் 8 சதவீதம். ஆள் பற்றாக்குறை, ராண்டால்ஃபின் மிரட்டல், கூட்டரசின் கெடுபிடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

அரசுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்ததா?

நிறைய. 1942 ஜூனில் தொடங்கப்பட்ட போர்த் தகவல் அலுவலகம்தான் பிரச்சாரத்துக்குத் தலைமையிடம். அங்கே ‘நீக்ரோக்களும் போரும்’ என்ற தலைப்பில் படங்கள் நிறைந்த ஒரு பெரிய சிறுநூல் வெளியிட்டார்கள், 25 லட்சம் பிரதிகள். எழுதியவர் சாண்ட்லர் ஓவன், முதல் உலகப் போரின்போது ராண்டால்ஃபோடு சேர்ந்து பத்திரிகை நடத்தியவர். கறுப்பின வாசகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, இருக்கிற குறைகளைச் சொல்லாமல் ஹிட்லர் வந்தால் இதுவும் போய்விடும் என்று பயமுறுத்துகிறதே என்றார்கள். நாடாளுமன்றத்தில் இருந்த தென் மாநில உறுப்பினர்களுக்கு வேறு காரணத்தால் பிடிக்கவில்லை. கறுப்பினத்தவரைச் சமமாகக் காட்டியதே குற்றம். 1943 கோடையில் அந்த அலுவலகத்தின் உள்நாட்டுப் பிரிவுக்கான நிதியை நாடாளுமன்றம் கிட்டத்தட்ட அறுத்தெறிந்தது. காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

அதற்குள் உள்ளேயும் புகைச்சல். விளம்பரக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள் கை ஓங்கி, எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். போகிற போக்கில், ரூஸ்வெல்ட் முழங்கிய ‘நான்கு சுதந்திரங்களை’ விளம்பரமாக்கிக் காட்டும் ஒரு கேலிச் சுவரொட்டியும் தயாரித்தார்கள்: சுதந்திர தேவி சிலை, கையில் தீபத்துக்குப் பதில் நான்கு கோக் பாட்டில், ‘நான்கு சுவையான சுதந்திரங்கள்’ என்ற வாசகத்தோடு. இந்தப் போரின் சுவரொட்டிகளிலேயே எனக்குப் பிடித்தது, ஒட்டப்படாத அதுதான்.

கறுப்பினப் பெண்கள் எங்கே?

சுவரொட்டிகளில் ஏறக்குறைய இல்லை. ‘நம்மால் முடியும்’ என்று புஜத்தை மடக்கிக் காட்டும் பெண்ணின் படம் எல்லோருக்கும் தெரியும். அது அரசு போஸ்டரே கிடையாது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி தன் ஆலைகளுக்குள் 1943 பிப்ரவரியில் இரண்டு வாரம் மாட்டிவைத்தது. அந்தப் பெண் வெள்ளையர்.

கறுப்பினப் பெண்களைப் பார்க்க அரசுப் புகைப்படங்களுக்குத்தான் போக வேண்டும். 1942இல் இளம் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ் வாஷிங்டனில் ஓர் அரசுக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணைப் படமெடுத்தார். ஒரு பக்கம் துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் மாப், பின்னால் சுவர் நிறையத் தொங்கும் அமெரிக்கக் கொடி. அந்தப் பெண் நேராகப் பார்க்கிறார், முகத்தில் சிரிப்பு இல்லை. பார்க்ஸ் வேலை பார்த்த அந்தப் புகைப்படப் பிரிவு அந்த ஆண்டே போர்த் தகவல் அலுவலகத்தோடு சேர்ந்தது. ‘ஒன்றுபட்டு வெல்வோம்’ கொடியையும் இந்தக் கொடியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்ற இனத்தவருக்கு?

மெக்சிக வம்சாவளியினருக்காக 1943இல் லியோன் ஹெல்கேரா வரைந்த ஒன்று உண்டு. உயர்ந்த இரண்டு கைகள், ஒன்றில் அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாமின் கோடு போட்ட தொப்பி, மற்றதில் அகன்ற மெக்சிகத் தொப்பி. ‘அனைவரும் அமெரிக்கர்’ என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வாசகம். அதே ஆண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கப்பற்படையினர் மெக்சிக இளைஞர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒற்றுமைச் சுவரொட்டி எல்லாம் எங்கே?

மற்ற நாடுகளில் இப்படி இருந்ததா? இந்தியர்கள் உண்டா?

பிரிட்டன் ‘ஒன்றாக’ என்ற தலைப்பில் ஒரு சுவரொட்டி போட்டது. பிரிட்டிஷ் கொடிக்குக் கீழே பேரரசின் பல நாட்டுப் படைவீரர்கள் அணிவகுப்பார்கள், அதில் தலைப்பாகை கட்டிய இந்தியச் சிப்பாயும் ஒருவர். அது தொழிலாளர் ஒற்றுமை இல்லை, பேரரசின் ஒற்றுமை. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்கியதும் காங்கிரஸ் தலைவர்கள் எல்லோரும் சிறையில். அதை உன்னிப்பாகக் கவனித்துப் பக்கம் பக்கமாக எழுதியவை அமெரிக்காவின் கறுப்பினப் பத்திரிகைகள். ராண்டால்ஃபும் 1943 வாக்கில் காந்தியின் சத்தியாகிரக முறையை அமெரிக்காவில் கைக்கொள்வது பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

போர் முடிந்ததும் அந்தத் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்?

கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும் என்ற பணிமூப்பு விதி அவர்கள் தலையில் விழுந்தது. நியாயமான வேலைவாய்ப்புக் குழு 1946இல் மூடப்பட்டது. படைகளில் பிரிவினை கூடாது என்ற ஆணையை ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில்தான் போட்டார். கறுப்பினத்தவர் கொடுத்த ரத்தத்தைத் தனியாக முத்திரை குத்தி வைக்கும் வழக்கத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1950இல்தான் நிறுத்தியது.

இந்தச் சுவரொட்டிகளை எங்கே பார்க்கலாம்? கட்டுரையில், வகுப்பில் பயன்படுத்தலாமா?

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம் இரண்டின் இணையதளங்களிலும் நல்ல தெளிவில் கிடைக்கும். அமெரிக்க அரசு தன் ஊழியர்களைக் கொண்டு தயாரித்தவற்றுக்குக் காப்புரிமை இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம். தனியார் கம்பெனி போட்டதா, தொழிற்சங்கம் போட்டதா, அரசு போட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் வெளியிட்ட துறையின் பெயரும் அரசு அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். இணையத்தில் சுற்றும் பிரதிகளில் அந்த வரியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.